மீன் வயிற்றைக் கேட்டுத் தூண்டில் கட்டுகிறவள்

டார்கஸ் மீக்கிஸ் அந்த முகாமுக்கு வேலைக்கு வந்தபோது அவளுக்கு முப்பத்து நான்கு வயது. மீன் பிடிக்கிற வேலைக்கு வரவில்லை. அறுக்கிற வேலைக்கு வந்தாள். வாத்துக்கழுத்து ஏரியின் தென்கரையில் ஹால்வர்சன் நடத்தும் மீன்பிடி முகாமில், படகுத்துறையை ஒட்டிக் கொசுவலை அடித்த ஒரு கொட்டகை உண்டு. விருந்தினர் மாலையில் கொண்டுவந்து போடுகிற மீனை அங்கே வைத்து முள் நீக்கி, சதையை மட்டும் வழித்து, பொட்டலம் கட்டிப் பனிப்பெட்டியில் அடுக்க வேண்டும். காலையில் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் காயப்போட வேண்டும். அவள் கணவன் ரூபன் ஊர் விமான ஓடுதளத்தில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவன். கோடையில் தள்ளுவதற்குப் பனி ஏது? ஆகவே இரண்டு பெண்பிள்ளைகளையும் அவன் பார்த்துக்கொண்டான். ஊருக்கும் முகாமுக்கும் இடையே மிதவை விமானத்தில் நாற்பது நிமிடம். சாலை என்று ஒன்று கிடையாது.

அந்த ஏரிக்கு ஆட்கள் வருவது இரண்டே மீன்களுக்காக. ஒன்று பைக். சிறுபிள்ளை நீளத்துக்கு வளரும், வாத்தலகு மாதிரி மூஞ்சி, வாய் முழுக்க ஊசிப் பல். இன்னொன்று பிக்கரல். தெற்கிலிருந்து வருகிற அமெரிக்கக்காரர்கள் அதை வால்ஐ என்பார்கள். அதன் கண் பால் கலந்த கண்ணாடிக் குண்டு போல இருக்கும்; சதை வெண்ணெய். பைக்கைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்ப விடுவார்கள். பிக்கரலைத் தின்பார்கள்.

மீன் அறுப்பவர்கள் வழக்கமாக வயிற்றைத் தொடுவதில்லை. பக்கவாட்டில் கத்தி போட்டுச் சதையை எடுத்துவிட்டு, மிச்சத்தை அப்படியே வாளியில் தள்ளுவார்கள். அதைத் தீவுப் பாறையில் கொட்டினால் கழுகுகள் பார்த்துக்கொள்ளும். டார்கஸ் முதல் வாரத்திலேயே வாளியில் தள்ளுவதற்கு முன் வயிற்றைக் கீறிப் பார்க்க ஆரம்பித்தாள். யாரும் சொல்லிச் செய்ததில்லை. முதல் தடவை, ஒரு பிக்கரலின் வயிறு கல்லு மாதிரி கெட்டியாக இருந்ததால் கீறினாள். உள்ளே, ஏரிப் பாறையிடுக்கில் வாழ்கிற கல்லிறால் ஏழு, அரைகுறையாகச் செரித்து. அடுத்த மீனிலும் கல்லிறால். அதற்கடுத்த மீன் வேறொரு விருந்தினர் வேறொரு விரிகுடாவில் பிடித்தது. அதில் மஞ்சள் வரி போட்ட குஞ்சு மீன்கள். ஒரே ஏரி, ஒரே நாள், இரண்டு சாப்பாடு. அது அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. மறுநாளும் கீறினாள்.

ஜூன் கடைசியில் எந்தப் படகிலும் மீன் விழாத ஒரு வாரம் வந்தது. தண்ணீரிலிருந்து ஈசல் மாதிரி பூச்சிகள் கிளம்பிக் கூரை, கயிறு, காயப்போட்ட விரிப்பு என்று எங்கும் அப்பிக்கொள்கிற வாரம். எட்டுப் படகு போனால் மூன்று மீன் வரும். விருந்தினர் முகம் தூக்கிக்கொண்டு சாப்பிட்டார்கள். ஹால்வர்சன் வானத்தைக் குறை சொன்னார்.

அப்போது முகாமில் தலைமை வழிகாட்டி எசேக்கியா. டார்கஸுக்கு மாமன் மகன், அவளைவிடப் பத்து வயது மூத்தவன், இருபது வருடமாக அந்த ஏரியில் படகு விடுகிறவன். முறைக்காரர்கள் ஆதலால் இருவருக்கும் இடையில் கேலிக்கு எல்லை கிடையாது. அன்று மாலை கிடைத்த மூன்று மீனையும் அறுத்துவிட்டு அவள் கத்தியைத் துடைத்தாள்.

"மச்சான், நாளைக்கு என்ன கட்டப் போறீங்க?"

"ஏன், நீ வந்து கட்டிவிடப் போறியா?"

"நீங்க பெரிய குஞ்சு மாதிரி இருக்கிற பொய்யிரையைக் கட்டி ஏரி பூரா இழுத்துக்கிட்டுத் திரியறீங்க. இங்க பாருங்க. மூணு மீன் வயித்துலயும் ஒரு குஞ்சு இல்ல. பழுப்பா, சின்னதா, சேத்துப் புழு. அந்த ஈசல் இருக்குல்ல, அது ரெக்க மொளைக்கறதுக்கு முன்னாடி சேத்துக்குள்ள புழுவாத்தான் இருக்கும் போல. வாசல்லயே சாப்பாடு கொட்டிக் கிடக்கு, எதுக்கு அது உங்க பொம்மையைத் தொரத்திட்டு ஓடணும்?"

எசேக்கியா புழுவைப் பார்த்தான். பிறகு துறையில் நின்ற மற்ற வழிகாட்டிகளைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னான்: "எங்க அத்தை மக மீன் வயித்துக்குள்ள வேதம் வாசிக்கிறா. ஞாயித்துக்கெழமை பிரசங்கத்துக்கும் அவளையே கூப்பிடலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

மறுநாள் மாலை எசேக்கியாவின் படகில் மட்டும் பதினாறு பிக்கரல். கொட்டகை மேசையில் மீனைப் போட்டுவிட்டு, போகாமல் நின்றான்.

"சும்மா ஒரு மாத்தத்துக்குச் சின்ன ஈயத்தலை முள்ளு கட்டிப் பாத்தேன். பழுப்பு நிறம். அடியில, சேத்துல, நத்தை மாதிரி நகத்தினேன்."

"மாத்தம் நல்லாத்தான் கடிச்சிருக்கு மச்சான்."

"ஆமா," என்றான் அவன். வாசல்வரை போய்த் திரும்பி, "நாளைக்கு என்னன்னு பாத்துச் சொல்லு," என்றான்.

அன்றிலிருந்து மாலைதோறும் அவன் ஒரு டம்ளர் தேநீரோடு கொட்டகைக்கு வருவான். அவள் வயிறு கீறுவாள். இருவரும் குனிந்து பார்ப்பார்கள். ஜூலை நடுவில் மஞ்சள் வரிக் குஞ்சுகள். காற்று பலமாக அடித்த மறுநாள் பாறைக் கரையோரத்து மீன்களில் கல்லிறால். ஆகஸ்டில் ஆழத்திலிருந்து வருகிற மீன்களில் வெள்ளியாக மின்னுகிற நீளக் குஞ்சு. பைக்கின் வயிற்றில் எது வேண்டுமானாலும் இருக்கும்: தவளை, கொறிக்கிற பிராணி, இன்னொரு பைக், ஒரு தடவை வாத்துக்குஞ்சின் கால் இரண்டு. டார்கஸ் அதை வைத்து ஒரு முடிவுக்கு வந்தாள். "பிக்கரலுக்குப் பசிக்கணும் மச்சான். பைக்குக்குக் கோவம் வந்தாப் போதும்." எசேக்கியா இதைத் தன் சொந்தச் சொல் போல விருந்தினரிடம் சொல்லிக்கொண்டிருந்தான் என்பது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது.

மூன்றாவது கோடையில் வழிகாட்டி ஒருவனுக்குத் தூண்டில் முள் உள்ளங்கையில் ஏறிச் சீழ் பிடித்து, அவனை விமானத்தில் அனுப்ப வேண்டியதாயிற்று. மறுநாள் காலை இரண்டு பல் மருத்துவர்கள் படகுக்குக் காத்திருக்கிறார்கள், வழிகாட்டி இல்லை. ஹால்வர்சன் தலையைச் சொறிந்தபோது எசேக்கியா, "டார்கசை அனுப்புங்க," என்றான்.

"அவ மீன் அறுக்கறவ."

"நான் போன ரெண்டு வருஷமா அவ சொன்னதத்தான் கட்டிக்கிட்டு இருக்கேன். படகு ஓட்ட அவ அப்பன் கிட்ட ஏழு வயசுல கத்துக்கிட்டா. வேற என்ன வேணும்?"

இருபது வருடத்துக்கு மேலாகப் படகு விடுகிற தலைமை வழிகாட்டி ஒருவன் அப்படி எல்லோர் முன்பும் ஒப்புக்கொள்வது சின்ன விஷயம் இல்லை. ஹால்வர்சன் அவளைக் கூப்பிட ஆள் அனுப்பினார்.

அந்த முதல் நாள் அவளுக்கு நல்லபடியாக அமைந்தது என்று சொன்னால் அது பொய். முந்தின மாலை வயிறுகளில் மஞ்சள் வரிக் குஞ்சு இருந்தது. ஆகவே மஞ்சள் இரை கட்டினாள். களைச்செடி ஓரமாக இரண்டு மருத்துவர்களையும் ஆறு மணியிலிருந்து பத்தரை வரை எறிய வைத்தாள். ஒரு கடி இல்லை. பச்சை கலந்த மஞ்சள், பொன் மஞ்சள், பளபளப்பு, மங்கல் என்று மாற்றினாள். ஒன்றும் இல்லை. மருத்துவர்கள் நாகரிகமாகத்தான் இருந்தார்கள், ஆனால் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. இனி வாழ்நாள் முழுக்க விரிப்பு துவைப்பதுதான் கதி என்று நினைத்துக்கொண்டு இயந்திரத்தை நிறுத்தினாள். நிறுத்தியதும் கன்னத்தில் காற்று பட்டது. மூன்று நாளாக மேற்கிலிருந்து வந்த காற்று இப்போது கிழக்கிலிருந்து வந்துகொண்டிருந்தது, குளிர்ந்து. ராத்திரியே திரும்பியிருக்க வேண்டும். அவள் விடிந்ததிலிருந்து அதைக் கவனிக்கவே இல்லை.

"ஐயா, தப்பு என்னுது," என்றாள். "நான் நேத்து மீன் வயித்தப் பாத்துக் கட்டினேன். அது நேத்துச் சாப்பாடு. காத்து மாறிடுச்சு, குஞ்செல்லாம் இந்தக் கரைய விட்டுப் போயிருக்கும். நாலரை மணி நேரம் உங்கள வீணாக்கிட்டேன். இப்ப எதிர்க்கரைக்குப் போறோம்."

எதிர்க்கரையில் பாறைச் சரிவு. ஆழம் இருபதடி. கறுப்பு அட்டை மாதிரி நெளிகிற மிருதுவான வால் ஒன்றை ஈயத்தலை முள்ளில் கோர்த்து, பாறைமேல் தட்டித் தட்டி இறக்கச் சொன்னாள். மதியச் சாப்பாட்டுக்கு வேண்டிய மீன் முக்கால் மணியில் கிடைத்தது. கரையில் கொழுப்பு காய்ச்சி மீனும் உருளைக்கிழங்கும் பொரித்து, சட்டியில் சுட்ட பானக் என்கிற தடித்த ரொட்டியோடு கொடுத்தாள். மாலையில் மூத்த மருத்துவர் ஹால்வர்சனிடம், நாளைக்கும் இந்த அம்மாதான் வேண்டும் என்றார். "முப்பது வருஷமா மீன் பிடிக்க வரேன். எல்லா வழிகாட்டியும் வெயில், நிலா, மீன், என் கை எல்லாத்தையும் குத்தம் சொல்லுவான். தப்பு என்னுதுன்னு ஒருத்தர் சொல்லி இன்னிக்குத்தான் கேட்டேன்."

அந்த நாலரை மணி நேரத்தை அவள் மறக்கவே இல்லை. வயிறு நேற்றைச் சொல்லும், தண்ணீர்தான் இன்றைச் சொல்லும் என்று புரிந்துகொண்டு, அதற்குப் பிறகு விடிகாலையில் துறைக்குப் போய் முதலில் கையை ஏரிக்குள் விட்டுப் பார்ப்பாள், பிறகு காற்றை, பிறகு ஒரு வெள்ளைத் தட்டைக் கயிறு கட்டி இறக்கி, அது எத்தனை அடியில் கண்ணுக்கு மறைகிறது என்று பார்ப்பாள். அதற்குப் பின்தான் டப்பாவைத் திறப்பாள்.

டப்பா என்பது ஒரு பழைய பிஸ்கட் தகரம். விருந்தினர்கள் பீரோ அளவுக்குப் பெட்டி கொண்டுவருவார்கள். மூன்று தட்டு, நாலு தட்டு, கடையையே பெயர்த்துக்கொண்டு வந்த மாதிரி. அவளிடம் இருபதுக்கும் குறைவு. ஐந்தாறு ஈயத்தலை முள். தகடு சுழல்கிற இரை மூன்று. பைக்குக்குக் கரண்டி: ஒரு பக்கம் சிவப்பும் வெள்ளையும் அடித்த, கைப்பிடி இல்லாத தேக்கரண்டி மாதிரி தகடு, இழுத்தால் காயம்பட்ட மீன்போலப் புரண்டு புரண்டு வரும். பைக்குக்குக் கட்டுகிறபோது தங்கூசி நூலுக்கும் இரைக்கும் நடுவில் ஒரு சாண் இரும்புக் கம்பி. இல்லையென்றால் அந்தப் பல்லுக்கு நூல் நிற்காது. பனி உருகின புதிதில், தண்ணீர் எலும்பைக் குத்துகிறபோது, கரண்டியைக் குறட்டில் பிடித்து லேசாக வளைப்பாள். அப்போது அது சோம்பலாகப் புரளும். குளிரில் பைக்கும் சோம்பல்தானே. எல்லா முள்ளிலும் பின்னோக்கி நிற்கிற எதிர்முள்ளை நசுக்கிவிடுவாள். மீனுக்கும் நல்லது, மனுஷன் உள்ளங்கைக்கும் நல்லது.

அறுக்கிற வேலையில் தொடங்கி வழிகாட்டியாகவே நிலைத்து, இப்படி எட்டுக் கோடை போயிற்று. ஒன்பதாவது கோடை ஜூலையில்தான் லாவோன் வந்தாள்.

லாவோன் ஷ்ரோடர் மினசோட்டாக்காரி, அறுபத்திரண்டு வயது, பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். ஒரு காலத்தில் கணவனோடு வருடாவருடம் வடக்கே மீன் பிடிக்க வந்துகொண்டிருந்தவள். கணவன் போய்ச் சேர்ந்தார். நான்கு வருடங்களுக்கு முன் சர்க்கரை நோயில் இரண்டு கண்ணும் போயிற்று. இப்போது தம்பி டுவேன் கூட்டி வந்திருந்தார். மிதவை விமானத்திலிருந்து அக்காளைக் கைத்தாங்கலாக இறக்கினார். அவளைப் பார்த்து யாராவது ஏதாவது கேட்டால் இவர் பதில் சொன்னார். சாப்பாட்டு மேசையில் அவளுக்கு ரொட்டியில் வெண்ணெய் தடவிக் கொடுத்தார். கெட்ட மனுஷர் இல்லை. பாசம் அதிகம், வாய் அதைவிட அதிகம்.

ஹால்வர்சனுக்குத் தயக்கம். வீசுகிற முள், கண் தெரியாதவர், குறுகலான படகு. எசேக்கியாவும் பதிலை இழுத்தான். டார்கஸ், "நான் கூட்டிட்டுப் போறேன்," என்றாள்.

முதல் நாள் படகில் லாவோன் கேட்டாள்: "என்ன கட்டறீங்க?"

"மஞ்சள்."

"எந்த மஞ்சள்?"

"கடுகுச் சாஸ் மஞ்சள்."

"அப்ப சரி. எனக்குத் தெரியுது."

அந்த நாளும் அடுத்த நாளும் மீன் சரியில்லை. வாரத் தொடக்கத்தில் அடித்த புயலில் நீர்நாய் ஓடை பெருகி, சதுப்பு நிலத்துத் தண்ணீரை எல்லாம் ஏரிக்குள் கொண்டுவந்து தள்ளியிருந்தது. டார்கஸின் வெள்ளைத் தட்டு ஒன்றரை அடியில் மறைந்தது. முகாமில் எல்லாப் படகும் வெறுமனே திரும்பின. அவள் நிறத்தை மாற்றினாள்: ஆரஞ்சு, பளீர்ப் பச்சை, செம்பு. டுவேன் தன் பெட்டியிலிருந்து வேறு எடுத்து எடுத்து நீட்டினார். அக்காள் கையிலிருந்து தூண்டில் கோலை வாங்கித் தானே எறிந்து, தானே அவள் கையில் திருப்பிக் கொடுத்தார்.

மூன்றாம் நாள் காலை, ஓடை வாய்க்கு வெளியே, தகடு சுழல்கிற இரை ஒன்றைப் பின்னால் விட்டு மெதுவாகப் படகை நகர்த்திக்கொண்டிருந்தபோது லாவோன் சொன்னாள்: "டார்கஸ், இதுல புல்லு மாட்டியிருக்கு."

"இல்லக்கா, இப்பத்தான் விட்டோம்," என்று டுவேன் ஆரம்பித்தார்.

"தகடு சுத்தல. சொல்றேன்ல."

இழுத்துப் பார்த்தார்கள். தகட்டின் அச்சில் தலைமுடி அளவுக்கு ஒரே ஒரு களை நார். அதை எடுத்துவிட்டுத் திரும்ப விட்டாள் டார்கஸ்.

"இப்ப?"

"இப்ப சுத்துது. கொஞ்ச நேரம் முன்னாடி வண்டல் மேல போனோம், இப்ப சரளைக்கல்லு மேல போறோம், இல்ல?"

டார்கஸ் அடித்தரையையும் காட்டுகிற ஆழமானியைப் பார்த்தாள். சரளைதான். இயந்திரத்தை அணைத்தாள். பிறகு தன் நெற்றியில் தட்டிக்கொண்டாள்.

"நான் ஒரு முட்டாள், லாவோன். மூணு நாளா நிறத்த மாத்தி மாத்திக் கட்டிக்கிட்டு இருக்கேன். இந்தத் தண்ணியில மீனுக்கு என்ன கண்ணு தெரியும்? அதுவும் இப்ப உங்கள மாதிரித்தான். அதிர்வு வந்தாத்தான் அங்க ஒண்ணு இருக்குன்னே தெரியும்."

டுவேன் முகம் சிவந்தது. "அம்மா, அவங்ககிட்ட அப்படியெல்லாம் பேசக் கூடாது."

லாவோன் சிரிக்க ஆரம்பித்திருந்தாள். "நீ சும்மா இரு டுவேன். நாலு வருஷமா என் கண்ணப் பத்தி எல்லாரும் பேசறாங்க. உருப்படியா ஒருத்தர் பேசினது இன்னிக்குத்தான்."

"அப்ப நீங்களே எடுங்க," என்றாள் டார்கஸ். தகர டப்பாவைத் திறந்து, ஒவ்வொன்றாகக் கட்டி, படகோரமாக இரண்டு கோல் நீளத்துக்கு விட்டு இழுக்கச் சொன்னாள். லாவோன் தங்கூசியை ஆள்காட்டி விரலில் தாங்கிக்கொண்டு தலையைச் சாய்த்தாள்.

"இது பாட்டிலுக்குள்ள மாட்டின தேனீ. ரொம்பச் சின்னச் சத்தம்."

அடுத்தது.

"இதுல ஒண்ணுமே இல்ல. செத்த எலிய இழுக்கற மாதிரி."

"அது என் தம்பி பரிசாக் குடுத்தது," என்றாள் டார்கஸ்.

"உங்க தம்பிகிட்ட சொல்லாதீங்க."

அதற்கடுத்தது பெருவிரல் அகலத்துக்குத் தகடு வைத்த ஒன்று. கண்ணுக்கு அழகில்லை, வண்ணம் போய், செம்பு தெரிந்தது. டார்கஸே அதைக் கட்டி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கும். லாவோன் நீண்ட நேரம் இழுத்தாள். "துணி துவைக்கிற மிஷின்ல துணியெல்லாம் ஒரு பக்கம் சேந்துட்டா வீடே ஆடும் பாருங்க, தட், தட், தட்டுன்னு. அது. முழங்கை வரைக்கும் வருது."

"அதத்தான் கட்டறோம்."

இருபது நிமிடத்தில் லாவோன் நாலு பிக்கரல் பிடித்தாள். அத்தனை நாளும் அந்த மீன்கள் அங்கேயேதான் இருந்திருக்கின்றன. டுவேன் இன்னும் பச்சையே கட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு ஒன்றும் இல்லை. ஐந்தாவது மீனைப் படகுக்கு அருகே கொண்டுவந்தபோது கோல் திடீரென்று தண்ணீர்வரை வளைந்தது.

"இது வேற ஆள்," என்றாள் லாவோன்.

டார்கஸ் எட்டிப் பார்த்தாள். பழுப்புத் தண்ணீருக்குள் பிக்கரலின் வெள்ளை வயிறு. அதைக் குறுக்கே கவ்விக்கொண்டு, படகின் அகலத்துக்கு ஒரு நிழல்.

"பைக். உங்க மீன அப்படியே புடிச்சிருக்கு. முள்ளு அதுமேல இல்ல, வெறும் பிடிவாதம்தான். இழுக்காதீங்க, விடவும் செய்யாதீங்க."

டுவேன் எழுந்தார். படகு ஒரு பக்கம் சாய்ந்தது. "அக்கா, கோலக் குடு, இது பெரிசு, உன்னால முடியாது."

"டுவேன் அண்ணே, உக்காருங்க," என்றாள் டார்கஸ். குரலை உயர்த்தவில்லை. "கையில ஏதாவது வேணும்னா அந்தத் தேநீர்க் குடுவையப் புடிச்சுக்குங்க."

அவர் உட்கார்ந்தார். குடுவையையும் பிடித்துக்கொண்டார். பைக் ஒரு நிமிடம் அப்படியே தொங்கியது. பிறகு, போதும் என்று தோன்றியதுபோல வாயைத் திறந்தது. குத்துக் குத்தாகப் பல் பதிந்த பிக்கரல் மேலே வந்தது. நிழல் இறங்கி மறைந்தது.

லாவோனுக்கு மூச்சு வாங்கியது. "போயிடுச்சா?"

"தூரம் போயிருக்காது. வாய்க்கு வந்தது வழுக்கிப் போச்சுன்னு அதுக்கு இப்ப மகா கோவம். வேணுமா உங்களுக்கு?"

"வேணும்."

டார்கஸ் கம்பியைக் கட்டினாள். இரண்டு கரண்டிகளை எடுத்து, ஒவ்வொன்றாகப் படகோரம் இழுத்துக் காட்டினாள். முதலாவது வேகமாக நடுங்குகிறது என்றாள் லாவோன். இரண்டாவது, ஈரப் போர்வையை இரண்டு பேர் பிடித்து உதறுகிறமாதிரி, அகலமாக. அடிபட்ட பிக்கரல் எப்படி நீந்தும் என்று அவளுக்கு இப்போதுதானே கையில் தெரிந்திருந்தது. "ரெண்டாவது," என்றாள். "ஆனா இன்னும் கொஞ்சம் மெதுவா இருக்கலாம்." டார்கஸ் குறட்டை எடுத்து அதை ஒரு நெல் அளவு வளைத்தாள். திரும்ப இழுத்துப் பார்த்தார்கள். "இதுதான்."

பேருந்து ஓட்டின தோள். கோலைத் தலைக்கு நேர்மேலே உயர்த்தி, டார்கஸ் சொன்ன திசையில் தானே எறிந்தாள். மூன்று எறியலில் ஒன்றும் இல்லை. நாலாவதில் கரண்டி பாதித் தூரம் வந்தபோது யாரோ கதவைச் சாத்தினமாதிரி அடி விழுந்தது.

பதினெட்டு நிமிடம். டுவேன் கடிகாரத்தைப் பார்த்து வைத்திருந்தார், குடுவையை விடாமல். மீன் படகுக்கு அடியில் போனது, வெளியே வந்தது, துள்ளாமல் இரண்டு முறை தலையை மட்டும் தூக்கி ஆட்டியது. "இப்ப வலது பக்கம் போகுது," என்று டார்கஸ் சொல்வதற்கு முன்பே லாவோன் கோலைத் திருப்பியிருந்தாள். ஆகவே டார்கஸ் சொல்வதை நிறுத்திக்கொண்டு அள்ளுவலையை மட்டும் தயாராக வைத்திருந்தாள்.

நாற்பத்து நாலு அங்குலம். வலையைத் தண்ணீருக்குள்ளேயே பிடித்துக்கொண்டு கரண்டியைக் கழற்றினாள். லாவோன் படகோரம் முட்டிபோட்டு, கையை நனைத்துக்கொண்டு, மீனின் தலையிலிருந்து வால்வரை மெதுவாகத் தடவினாள். பல்லுக்கு முன்னால் டார்கஸ் அவள் விரலைத் தடுத்தாள். வழவழப்பு, முதுகுத் துடுப்பு, அடிவயிற்றின் மென்மை, வாலின் இடுப்பு. "படம் எடுக்கட்டுமா அக்கா?" என்றார் டுவேன். "உனக்கு வேணும்னா எடு," என்றாள் அவள். "நான் பாத்துட்டேன்." வாலைப் பிடித்தபடி காத்திருந்தாள். மீன் ஒரு தரம் உடலை முறுக்கி, அவள் முகத்தில் தண்ணீரை அடித்துவிட்டுப் போயிற்று. அவள் முகத்தைத் துடைக்கவில்லை.

கரையில் பிக்கரல் பொரித்துச் சாப்பிட்டபோது டுவேனும் உட்கார்ந்தார். ரொட்டியை எடுத்தார், வெண்ணெய்ப் பெட்டியை எடுத்தார், இரண்டையும் அக்காள் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டுத் தன் தட்டுக்குத் திரும்பினார்.

அன்று மாலை டார்கஸ் மற்ற வழிகாட்டிகளிடம் நடந்ததைச் சொன்னாள். யார் தேர்ந்தெடுத்தது என்பதையும் சொன்னாள். மறுநாள் எல்லாப் படகிலும் பெரிய தகடு. எல்லாப் படகிலும் மீன்.

அதோடு அவள் விடவில்லை. அந்தக் கோடை முழுக்க, விருந்தினர் படகு திரும்பின மாலை நேரங்களில், துறை விளிம்பில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு முகாமில் இருந்த ஒவ்வொரு இரையையும் இழுத்துப் பார்த்தாள். ஒரே பெட்டியில் ஒரே மாதிரி வந்த இரண்டு கரண்டிகள்கூட ஒரே மாதிரி நடுங்குவதில்லை என்று கண்டுபிடித்தாள். கலங்கலுக்கு, தெளிவுக்கு, குளிருக்கு, களைச்செடிக்கு என்று பிரித்தாள். அவளைக் கேலி செய்துகொண்டே எசேக்கியாவும் ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடினான்.

"என்ன தெரியுது மச்சான்?"

"தூக்கம் வருது."

"இன்னும் கொஞ்சம் இழுங்க."

இழுத்தான். நெற்றி சுருங்கியது. "ஏ புள்ள, இது நொண்டுது."

"முள்ளு வளையம் கோணல். போன மாசம் பூரா அதத்தான் கட்டிக்கிட்டு, மீன் இல்ல மீன் இல்லன்னு திரிஞ்சீங்க."

எசேக்கியாவின் முழங்கால்கள் இரண்டு வருடத்துக்குப் பின் படகு ஏற மறுத்தன. அவன் ஊருக்குப் போகும்முன் ஹால்வர்சனிடம் யாரைத் தலைமை ஆக்குவது என்ற பேச்சே எழவில்லை. துறைச் சாவியை டார்கஸ் கையில் கொடுத்துவிட்டு விமானம் ஏறினான். லாவோன் மேலும் மூன்று கோடை வந்தாள். இரண்டாவது கோடையிலிருந்து தனியாக. தம்பி விமான நிலையம்வரை கொண்டுவந்து விட்டுவிட்டுத் திரும்பிவிடுவாராம். வருகிறபோதெல்லாம் டார்கஸுக்குப் புதிதாக இரண்டு இரை கொண்டுவருவாள். கடையில் குழாய்த் தண்ணீர் நிரப்பிய தொட்டியில் இழுத்துப் பார்க்க விடும்வரை கடைக்காரரை விடமாட்டாளாம். டார்கஸின் மூத்த பெண் இப்போது சியூ லுக்அவுட் நகரத்தில் செவிலியர் படிக்கிறாள். இளையவளுக்கு மீன் வாசமே ஆகாது. அதில் ஒரு குறையும் இல்லை.

போன கோடையில், தூண்டில் இரை செய்கிற ஏதோ ஒரு கம்பெனியிலிருந்து மெலிந்த இளைஞர் ஒருவர் வந்திருந்தார். காமிராவோடு. வடக்கு ஏரிகளில் பைக்குக்கும் வால்ஐக்கும் ஆகச் சிறந்த ஒரே இரை எது என்று பழுத்த வழிகாட்டிகளைக் கேட்டு எழுதுகிறார்களாம். பதில் சொன்னால் அந்த இரைக்கு அவள் பெயரையே வைப்பார்கள். ஹால்வர்சன் மகிழ்ந்துபோய், சட்டை மாற்றிக்கொண்டு வரச் சொன்னார். டார்கஸ் மாற்றவில்லை. படகில் பெட்ரோல் ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"எந்த வாரத்துக்கு?"

"பொதுவா."

"எந்தக் காத்துக்கு?"

"அப்படியில்ல மேடம். எல்லாத்துக்கும் சேத்து ஒண்ணு சொல்லணும்னா?"

அவள் பெட்ரோல் மூடியைத் திருகினாள். கையைத் துடைத்துக்கொண்டு ஏரியைப் பார்த்தாள். ஒன்பது மணி; தெற்கிலிருந்து லேசான காற்று; தண்ணீர் நேற்றைவிடக் கொஞ்சம் தெளிந்திருந்தது.

"எனக்குத் தெரியாது தம்பி," என்றாள். "காமிராவ நனையாம வச்சுக்கிட்டு ஏறுங்க. போய்ப் பாத்துட்டு, இன்னிக்கு எதுன்னு சொல்றேன்."